மன்னிப்பை வாசித்த குரல்

லாகோசு
24 சனவரி 1970

உமுதாரா மக்களே! என் குருதி வழியோரே! நம் ஊரவையில் பேச எழுபவன் மும்முறை விளித்த பிறகே வாய் திறப்பான். நானும் விளிக்கிறேன். கேளுங்கள், கேளுங்கள், கேளுங்கள்! இம்மடலை என் அக்கா அக்வேகே முற்றத்தின் நடுவே நின்று உரக்கப் படிக்கட்டும்.

என் முறையீடு இதுதான். நம் மக்கள் தனிநாடாகப் பிரிந்ததால் போர் நடந்த முப்பது மாதங்களில், செஞ்சிலுவைத் தொண்டர் வழியே ஐந்து மடல்கள் விடுத்தேன். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. பெற்ற தந்தை உயிரோடு இருக்கிறாரா என்பதை அறியாமல் ஒரு மகன் முப்பது மாதங்கள் உண்டான், உறங்கினான், உழைத்தான். சிறைப்பட்டவனுக்குப் பகைவன்கூட இரண்டு வரி எழுத இசைவு தருவான். என் வீடு எனக்கு அதையும் தரவில்லை. இது முறையா?

ஆனால் இன்று காலம் மாறிவிட்டது. ஒன்பது நாள்களுக்கு முன், நாட்டை ஆளும் படைத்தலைவர் மக்களிடம் பேசினார். வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்றார். பிரிந்தவர் கூடும் விடியல் இது என்றார். வென்ற பக்கத்துத் தலைவன் ஒருவன் வெற்றி முழக்கம் இடாமல் கை நீட்டியதை நம் தலைமுறை முதன்முறையாகக் கேட்டது. அந்த உரையை நம் இபோ மொழியில் வானொலியில் வாசித்தவன் நான்! எல்லோர் உயிருக்கும் காப்பு உண்டு என்னும் இடத்தில் என் குரல் தழுதழுத்தது. கேட்டீர்களா?

வாசித்து முடித்து வெளியே வந்தபோது வறண்ட வடகாற்று புழுதியோடு வீசிக்கொண்டிருந்தது. அந்த மணத்தில் நம் வீடு நினைவுக்கு வந்தது. அப்பா ஒனிட்சாவில் வாங்கி வந்த மரப்பெட்டி வானொலியும், அதன் முதுகைத் தடவிப் பார்த்து அத்தான் நொருகா சொன்னதும் நினைவுக்கு வந்தன. “ஏய் மாப்ளே, ஒருநா நீ இந்தப் பொட்டிக்குள்ள போயி உக்காந்துக்குவே. வெளிய வர வழி தெரியாம முழிப்பே. அப்ப இந்த அத்தான்தான் பின்னாடி திருகாணியக் கழட்டி உன்ன எடுக்கணும்.”

எடுங்கள் அத்தான்! உயிர்த்தெழுதல் திருநாளுக்கு ஊர் வர விரும்புகிறேன். அப்பாவின் எதிரே நிற்க வேண்டும், அவ்வளவே. வாசல் திறந்திருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் நலம் வேண்டும்,
இலோசுவே மகன் உதெம்பா

*

உமுதாரா
3 மார்ச்சு 1970

அன்புத் தம்பி உதெம்பாவுக்கு,

இறைவன் உன்னைக் காக்கட்டும். நான் நலம். அப்பா இருமலோடு நலம். இரண்டு ஆடுகளில் ஒன்று நலம்.

உன் மடலை முற்றத்தில் படிக்கவில்லை. அடுக்களையில் அமர்ந்து எனக்கு மட்டும் படித்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்.

உரையைக் கேட்டோம். பதினான்கு பேர் ஒரு பெட்டியைச் சுற்றி இருந்தோம். குரல் தெளிவாக வந்தது.

பள்ளியை மீண்டும் தொடங்கிவிட்டேன். கூரை இல்லாததால் உதாரா மரத்தடியில் வகுப்பு நடக்கிறது. பழம் விழும்போதெல்லாம் பாடம் நின்றுவிடும். எழுபது பிள்ளைகள் இருந்த வகுப்பில் இப்போது முப்பத்தொருவர். மரத்தில் ஏறிப் பறிக்கக் கூடாது, தானாக விழுந்ததைத்தான் தின்ன வேண்டும் என்று உன்னை எத்தனை முறை அடித்திருக்கிறேன்! இப்போது பறித்தாலும் நான் கேட்பதில்லை.

ஆற்றுப் பாலம் உடைந்து கிடக்கிறது. படகில் கடக்கும் கூட்டத்தில் மிதிபட்டுச் சாகிறார்கள். திருநாளுக்கு வர வேண்டாம்.

வாசலைப் பற்றிக் கேட்டிருந்தாய். போரின் இறுதியில் கதவை விறகாக எரித்துவிட்டோம். மூடுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை.

தாள் முடிந்துவிட்டது.
உன் அக்கா அக்வேகே

*

லாகோசு
19 மார்ச்சு 1970

அன்பே உருவான அக்காவுக்கு,

நான் நலம். நீ நலம், அப்பா நலம், ஆடு நலம் என்று படித்ததும் அலுவலகத்தில் எல்லோருக்கும் கோலாக் கொட்டை உடைத்துக் கொடுத்தேன். “என்னய்யா, ஆட்டுக்குக் கல்யாணமா?” என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்!

லமிதி என்னும் யொருபா இனத்து ஓட்டுநர் சரக்கேற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வருகிறார். வாய் ஓயாதவர், ஆனால் கை தூயவர். அவரிடம் உப்பு ஒரு மூட்டை, கல்லாகக் காய்ந்த மீன் இரண்டு கட்டு, உன் பிள்ளைகளுக்குச் சுண்ணக்கட்டி, அப்பாவுக்குப் போர்வை கொடுத்திருக்கிறேன். அத்தானுக்கு மிதிவண்டி மணி ஒன்றும் வருகிறது. அழுத்தினால் அரைக்கல் தொலைவு கேட்கும்.

அத்தான் ஏன் ஒரு வரியும் எழுதவில்லை? பேனா பிடிப்பதைவிடப் பாம்பு பிடிப்பது எளிது என்பார். அறிவேன். கைநாட்டாவது வைக்கச் சொல். நான் முதன்முதல் லாகோசுக்குப் புறப்பட்ட நாளில், இருபத்திரண்டு கல் தொலைவு என்னைப் பின்னால் ஏற்றி மிதித்து வந்தவர் அவர். மூன்று முறை சக்கரத்தில் காற்றுப் போனது. மூன்று முறையும் என்னைத்தான் திட்டினார். “தலைக்குள்ள அவ்வளவு இங்கிலீசு வச்சிருந்தா வண்டி எப்படிடா தாங்கும்?” படகுத்துறையில் இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் மிதித்துப் போனார். அழுகிறார் என்பது முதுகைப் பார்த்தே தெரிந்தது. இந்நகரில் எனக்கு எல்லாம் கிடைத்தன, அக்கா. அப்படி ஒரு முதுகு கிடைக்கவில்லை.

பாலம் உடைந்தால் என்ன? நான் நீந்துவேன். எப்போது வரலாம் என்று எழுது.

அனைவர் நலமும் நாடும்,
உதெம்பா

*

உமுதாரா
2 மே 1970

அன்புத் தம்பிக்கு,

நலம். அப்பாவின் இருமல் சற்றுக் கூடியிருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அனுப்பியவை குறைவின்றி வந்தன. சுண்ணக்கட்டியைப் பிள்ளைகள் தின்னாமல் காப்பதே பெரும்பாடாகிவிட்டது. மீனைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டேன். போர்வையை நான் வாங்கியதாகச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன்.

மணியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

மழை பிடித்துவிட்டது. சாலையெல்லாம் சேறு. மழைக்காலம் முடியட்டும். அந்த ஓட்டுநரை இனி அனுப்ப வேண்டாம். நல்ல மனிதர்தான், கேள்விகள் மிகுதி.

உன் அக்கா

*

லாகோசு
21 மே 1970

அக்கா,

நீ நலமா என்று கேட்கவும் அச்சமாக இருக்கிறது. லமிதி நேற்று வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சார், கொஞ்சம் வெயில்ல வந்து நில்லுங்க. நிழல் விழுதான்னு பாக்கணும். உங்க ஊர்ல போயி, சாமான் உதெம்பா குடுத்ததுன்னேன். கை குலுக்க வந்த பெரியவரு கையைப் பட்டுன்னு இழுத்துக்கிட்டாரு. ‘அவன் பின்னாடி தோப்புல படுத்திருக்கான், வா காட்டுறேன்’னாரு. போனா மண்மேடு சார்! மரச்சிலுவை! அதுல உங்க பேரு! என்னப் பெத்தவ மேல ஆணையா கேக்குறேன், நான் இத்தனை நாளா பேய்கிட்டயா வாடகை வாங்கிட்டு வண்டி ஓட்டுறேன்?”

கையை நீட்டினேன். கிள்ளிப் பார்த்தார். இருவரும் சிரித்தோம். அவர் போன பிறகு நான் சிரிக்கவில்லை.

அக்கா! நான் உயிரோடு இருப்பதை ஒவ்வொரு மாலையும் உங்கள் காதாலேயே கேட்டுக்கொண்டிருந்தீர்களே! கேட்டுக்கொண்டே எப்படிப் புதைத்தீர்கள்? எதைப் புதைத்தீர்கள்?

உதெம்பா

*

லாகோசு
8 சூலை 1970

அக்காவுக்கு,

ஏழு வாரங்கள் ஆயின. மறுமொழி இல்லை.

இங்கும் மழைதான். மழை நாளில் நீ அவிக்கும் ஈரப்பலாக் கொட்டையை அடுப்பங்கரையில் உரித்துத் தின்போமே, சூடு பொறுக்காமல் கைக்குக் கை மாற்றிக்கொண்டு. அதை நினைத்தபடி கடையில் வாங்கித் தின்றேன். சுவைக்கவில்லை. புதைக்கப்பட்டவனுக்குப் பசி எடுக்கும் என்று யாரிடம் சொல்வது?

மழைக்காலம் முடிவதற்குள் மறுமொழி வராவிடில் நானே வருவேன். என் கல்லறையை நானே பார்த்துக்கொள்வேன்.

உதெம்பா

*

உமுதாரா
30 ஆகத்து 1970

தம்பி,

வராதே. ஏன் என்பதை எழுதுகிறேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

போர் நாள்களில் மாலைதோறும் அத்தான் வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்குப் போவார். பகைவர் வானொலிதான். ஆனாலும் ஊர் கூடிக் கேட்டது, நம் வீட்டுப் பிள்ளையின் குரல் என்பதற்காக. 1968 பிப்ரவரியில் ஒரு மாலை நீ வாசித்தாய்: வானூர்திகள் படைநிலைகளை மட்டுமே தாக்கும், சந்தைகளைத் தாக்கா, மக்கள் அஞ்சாமல் சந்தை செல்லலாம். ஒரு மாதமாக எவரும் சந்தைக்குப் போகவில்லை. உப்பில்லாமல் பிள்ளைகளுக்குக் கால் வீங்கியிருந்தது. அத்தான் எழுந்தார்.

“அட, நம்ம மாப்ளே வாயில பொய் வருமா? நாளைக்கு அஃபோ சந்தைக்கு நான் போறேன். வர்றவங்க வாங்க!”

பத்தொன்பது பேர் அவர் பின்னால் போனார்கள். நண்பகலில் வானூர்தி வந்தது. எட்டுப் பேர் உயிரோடு திரும்பவில்லை. அத்தானையும் தூக்கி வந்தார்கள். மற்றதை எழுத மாட்டேன்.

மறுநாள் நம் சுவரில் கரியால் ‘சபோ’ என்று எழுதினார்கள், காட்டிக்கொடுத்தவன் வீடு என்று. ஊர்ப்படையினர் அப்பாவைப் பிடித்துப் போக வந்தார்கள். குலமூத்தவர் நுவொகேதி பெரியப்பா குறுக்கே நின்றார். “இலோசுவே, இந்த வீட்ல அப்படி ஒரு புள்ள இல்லைன்னு காட்டு. இப்பவே காட்டு. இல்லைன்னா உன்னக் காப்பாத்த எனக்கு வாயில்ல.”

அப்பா தோப்புக்குப் போனார். உன் உயரத்துக்கு ஒரு வாழைத்தண்டை வெட்டினார். தொலைவில் இறந்து உடல் வந்து சேராதவனுக்குச் செய்வோமே, அதே முறையில் உன் பள்ளிச் சட்டையைத் தண்டுக்குப் போர்த்திப் புதைத்தார். படையினர் போய்விட்டார்கள். அன்றுமுதல் அப்பா வானொலிப் பக்கம் போகவில்லை.

பிறகு இந்தச் சனவரி. நாங்கள் காட்டில் ஒளிந்திருந்தோம். தலைவரின் உரை உன் குரலில் வந்தது. போர் முடிந்தது, உயிருக்குக் காப்பு உண்டு என்றாய். அது காதுக்கு எட்டியதும் அப்பா எழுந்து நின்றார். “அவன் குரலா? அப்ப ஒருத்தரும் வெளிய போகாதீங்க.” பக்கத்து ஊரார் மறுநாளே வீடு திரும்பினார்கள். நாங்கள் பதினொரு நாள் மரவள்ளி இலையைத் தின்றுகொண்டு அங்கேயே கிடந்தோம். நாடு முழுவதும் அதை நல்லிணக்க உரையாகக் கேட்டது. எங்களுக்கு அது இன்னொரு சந்தை அறிவிப்பு.

வழக்கம் உனக்குத் தெரியும். புதைக்கப்பட்டவன் நடந்து வந்து வாசலில் கால் வைத்தால், புதைத்தவர் பொய்ச்சாவு செய்தவர் ஆவார். அப்பா ஊரவையில் தலை குனிந்து நிற்க வேண்டும். இந்த இருமலோடு அதை அவர் தாங்க மாட்டார்.

உன்னை வெறுத்து மறைக்கவில்லை. நீ ஒவ்வொரு மடலிலும் அத்தானை நலம் கேட்டாய். கேட்கும் ஒருவனாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்வேகே

*

லாகோசு
4 அக்டோபர் 1970

அக்கா,

அத்தான் இறந்த வீட்டுக்கு நான் மணி அனுப்பியிருக்கிறேன்.

அந்த வரி எனக்கு நினைவிருக்கிறது. தாளை நீட்டிய அலுவலரிடம், ‘இது உறுதிதானா ஐயா?’ என்று கேட்க வாய் எழுந்தது. கேட்கவில்லை. அச்சத்தால் கேட்கவில்லை என்றால் உனக்குச் சற்று ஆறுதலாக இருக்கும். அதுவும் பொய். அன்று என் குரல் மிக நன்றாக வந்துகொண்டிருந்தது. இடையில் நிறுத்த மனமில்லை. ஊர் என்னைக் கேட்கிறது என்னும் செருக்கில் நான் எதை வாசிக்கிறேன் என்பதை நான் கேட்கவில்லை. இதுதான் நடந்தது.

சென்ற வாரம் ‘சந்தை நிலவரம்’ வாசிக்க அமர்ந்தேன். முதற்சொல்லிலேயே குரல் நின்றுவிட்டது. வேலையை விட்டுவிட்டேன்.

தலைவர் பொது மன்னிப்பு அளித்தார். அதை வாசித்தவன் அதற்குள் தன்னையும் சேர்த்துக்கொண்டான், யாரையும் கேளாமல். என்னைப் புதைத்தது சரியே. அப்பா தலை குனிய வேண்டாம். தண்டு அங்கேயே இருக்கட்டும். நான் இங்கேயே இருக்கிறேன்.

இனி எழுத மாட்டேன்.

*

உமுதாரா
5 நவம்பர் 1970

தம்பி! இலோசுவே மகனே! கேள்!

நீ அனுப்பிய மடல்களில் கடைசியாக வந்த ஒன்றைத்தான் நான் முற்றத்தில் நின்று உரக்கப் படித்தேன். அதற்குமுன் செய்ததைச் சொல்கிறேன். மணமாகிப் போன நம் குலமகளிர் அனைவருக்கும் ஆள் விட்டேன். ஏழு ஊர்களிலிருந்து இருபத்துமூவர் வந்தார்கள். ஆடவர் அவையில் ஒரு பெண் பேச முடியாது. ஆனால் பிறந்த வீட்டுப் பெண்கள் ஒன்றாகத் திரண்டு வந்தால் ஆடவர் எழுந்து இடம்விட வேண்டும். எழுந்தார்கள். அவை தொடங்கும் முறைப்படி பெரியப்பா கோலாக் கொட்டையை உடைத்தார்.

“அக்வேகே, செத்தவனப் பத்தி இப்ப என்ன பேச்சு?”

“பெரியப்பா, நம்ம குலத்துல ஒருத்தன் செத்தா, மூத்த மக மண்ணு போடாம குழிய மூடலாமா?”

“கூடாது.”

“நான் போட்டேனா?”

அவர் தலையைச் சொறிந்தார். “நீ எப்படிப் போடுவே? அன்னைக்கு நீ புருசனப் பறிகுடுத்துட்டு சாம்பல்ல உக்காந்திருந்தே. துக்கத்துல இருக்குறவ இன்னொரு குழிகிட்ட வரக்கூடாது.”

“அப்ப எனக்காகக் காத்திருந்தீங்களா? என் துக்கம் முடியுற வரைக்கும்?”

நம் இம்பாஃபோர் அத்தை, பல் இல்லாவிட்டாலும் நாக்கு அப்படியே இருக்கிறது, கோலை ஊன்றி எழுந்தாள். “மூத்த மக மண்ணு போடல. குலப் பொண்ணுங்க நாலு நாள் துக்கம் உக்காரல. ஒடம்பும் இல்ல. தண்டப் பொதைச்சீங்க. அதுக்குப் பேரு சாவு இல்லடா நுவொகேதி, தோட்ட வேல!”

அவை சிரித்தது. முப்பது மாதப் போருக்குப் பிறகு அந்த முற்றத்தில் எழுந்த முதல் சிரிப்பு அது. ஆனால் ஒருத்தி சிரிக்கவில்லை. சந்தையில் மகனை இழந்த ஒயிரிதியா. “நல்லா சிரிங்க. அது சாவு இல்ல, சரி. எம் புள்ளையோடது சாவுதானே? அவன யாரு திருப்பிக் குடுப்பா?”

நான் அவள் எதிரே போய் நின்றேன். “யாரும் குடுக்க மாட்டாங்க ஒயிரிதியா. எம் புருசனையும் குடுக்க மாட்டாங்க. ஆனா உனக்கும் எனக்கும் ஒருத்தன் பதில் சொல்லணும்ல? தோப்புல கெடக்குற தண்டுகிட்ட என்னத்தக் கேப்பே?”

அப்போதுதான் உன் மடலைப் படித்தேன். நீ கேட்காமல் விட்ட கேள்வியை, உன் செருக்கை, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் படித்தேன். படித்து முடித்ததும் ஒயிரிதியா என் பக்கம் திரும்பினாள். “வரச் சொல்லு. மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்” என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அதை நீயும் எதிர்பாராதே.

முறை தவறிய புதைப்பு புதைப்பே அன்று என அவை தீர்த்தது. அப்பா மேல் பழி இல்லை. அப்பா எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தார். எவரையும் தொட விடவில்லை. இருமி இருமி அவரே தோண்டினார். தண்டு மக்கிப் போயிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “எப்ப வர்றான்?”

தம்பி! வென்றவர் இல்லை, தோற்றவர் இல்லை என்று தலைவர் சொன்னார். பெரிய சொல். நான் அதைப் பழிக்கவில்லை. அந்தச் சொல் வந்திராவிட்டால் இம்மடல்களும் வந்திரா. ஆனால் அது தலைவரின் சொல். உமுதாராவில் எட்டுக் குழிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் நின்று பேச எந்தத் தலைவரும் வர மாட்டார். நீதான் வர வேண்டும். இழந்தவர்களின் முகத்தெதிரே ஒருவன் நிற்காத வரையில் நல்லிணக்கம் வெறும் ஒலிபரப்புதான்.

இம்மாதம் பதினான்காம் நாள் அஃபோ சந்தை கூடுகிறது. எட்டு வீட்டாரும் முன்னே அமர்வார்கள். உன் கையில் தாள் இருக்கக் கூடாது. யார் எழுதித் தந்தார், நீ ஏன் கேட்கவில்லை என்பதை உன் சொல்லில் சொல். குரல் நின்றால் நிற்கட்டும், காத்திருப்போம். கத்துவார்கள், நில். துப்புவார்கள், நில். நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

இங்கேயே இருக்கிறேன் என்று எழுதினாயே, அந்த உரிமையை உனக்கு யார் கொடுத்தார்? ஒளிந்திருப்பதற்குத் தண்டனை என்று பெயர் சூட்டாதே! உன்னைக் கேள்வி கேட்கும் உரிமை எங்களுடையது. அதை எங்களிடம் கொண்டு வா!

லமிதி கிழங்கு ஏற்ற வந்தார். அவரிடம்தான் இதைத் தருகிறேன். நீ படித்து முடிக்கும் வரை வண்டியை அணைக்காமல் உன் வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். மறுமொழி எழுதாதே. மூட்டை கட்டாதே. எழு. சட்டையை மாட்டு. ஏறு. இப்போதே ஏறு!